சுங்கை சிப்புட் நூல் கடை: யாருக்கு என்று சொன்னால்தான் நூல் கைக்கு வரும்

இந்தக் கடையில் நூல் கேட்டால் உடனே எடுத்துத் தரமாட்டார்கள். "யாருக்கு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பிள்ளைக்கா, பெரியவருக்கா, ஏர்கோன் அறையில் படுப்பவரா, காற்றாடிக்குக் கீழே படுப்பவரா, துணியை மெஷினில் போடும் வீடா, கையால் கசக்கும் வீடா என்று வரிசையாகக் கேள்வி வரும். அவசரத்தில் போகிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கலாம். எனக்கு இந்தக் கேள்விகளுக்காகவே இந்தக் கடையைப் பிடிக்கும்.

முப்பது வருடமாக வீட்டு விசேஷங்களுக்குக் கையால் பின்னியும் தைத்தும் கொடுத்து வருகிறேன். முதல் பத்து வருடம் கொடுத்தவை பெரும்பாலும் மற்றவர்கள் வீட்டு அலமாரியிலேயே மடித்துக் கிடந்தன. வேலைப்பாட்டில் குறை இருக்கவில்லை. நூல்தான் இந்த ஊர் வெயிலுக்கு ஆகாத நூல். பிள்ளைக்குப் போர்த்தினால் அரைமணி நேரத்தில் முதுகு நனைந்துவிடும். தாய் அதைச் சத்தமில்லாமல் எடுத்து வைத்துவிடுவாள். எந்த நூல் யாருக்கு ஆகும் என்பதை நான் கற்றுக்கொண்டது இந்தக் கடையில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மலேசியாவில், ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய சாலையில் வந்து, சுங்கை சிப்புட் பட்டணத்துக்குள் பாசார் (சந்தை) பக்கம் திரும்பினால் வரும் பழைய கடைவரிசையில் இருக்கிறது. பலகையில் எழுத்து வெளுத்துவிட்டது. ஊரில் யாரும் கடைப் பெயரைச் சொல்வதில்லை. நூல் கடை என்றால் எல்லாருக்கும் தெரியும். ஒரு பக்கம் காப்பிக் கடை, இன்னொரு பக்கம் சைக்கிள் கடை. உள்ளே நுழைந்தால் இடது கைப்பக்கம் முழுவதும் நூல் அடுக்கு, வலப்பக்கம் பொத்தான், ஜிப், லேஸ், ஊசி. பின்னால் துணி. நடுவில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய அளவு வழி.

கடையை நடத்துவது எழுபது வயது கடந்த ஒரு சீன அம்மா. அவருடைய அப்பா தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். லயத்துப் பிள்ளைகளோடு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுப் பிள்ளைகளோடு, விளையாடி வளர்ந்ததால் நம் தமிழ் அவருக்குச் சரளமாக வரும். நாங்கள் ஆன்ட்டி என்போம். எனக்கு 61 வயதாகிறது, இன்னும் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறார்.

நான் குரோஷே, அதாவது கொக்கியால் பின்னும் பின்னல், பிடிக்கக் கற்றது ரப்பர் தோட்டத்தில். எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் மலையாளி. அவர் வீட்டம்மா ஞாயிற்றுக்கிழமை மதியம் லயத்துப் பெண்பிள்ளைகளை வராந்தாவில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பார். ரேடியோ மேல் போடும் வெள்ளை விரிப்பு, தலையணை உறைக்கு ஓரம், அவ்வளவுதான். இரண்டு ஊசி பிடித்துப் பின்னுவதும் ஒட்டுத்துணிப் போர்வை தைப்பதும் கல்யாணத்துக்குப் பிறகு நானாகப் பழகியவை.

சரி, இந்த வருடம் நடந்ததைச் சொல்கிறேன்.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. முப்பதாம் நாள் தொட்டில் போடுவதாக முடிவு. தொட்டிலுக்குள் விரிக்க ஒரு போர்வை பின்னலாம் என்று, நாள் இருக்கும்போதே இணையத்தில் நூல் தருவித்தேன். சந்தன நிறம், சிட்டையில் நூறு விழுக்காடு பருத்தி என்று போட்டிருந்தது. விலையும் மலிவு. பாதிப் போர்வை முடிந்த நிலையில் நூல் தீர்ந்தது, மறுபடியும் அதே நிறத்துக்கு எழுதிப் போட்டேன். வந்தது வேறு சந்தனம். வீட்டு விளக்கில் பார்த்தால் ஒன்றுபோல் இருக்கும்; வாசலுக்குக் கொண்டுவந்தால் நடுவில் கோடு போட்டதுபோல் பிரியும். சாயம் போடும்போது ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு எண் கொடுப்பார்கள், அது சிட்டையில் இருக்கும். ஒரே நிறம் என்றாலும் எண் மாறினால் சாயல் மாறும். இது எனக்குத் தெரியும். அனுப்புகிறவரிடம் எண்ணையும் எழுதிக் கேட்டிருந்தேன். கேட்டதற்குப் பதிலும் இல்லை, திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை.

பையைத் தூக்கிக்கொண்டு ஆன்ட்டியிடம் போனேன், அவரிடம் பொருந்துகிற நிறம் இருக்கிறதா என்று பார்க்கத்தான். அவர் உருண்டையைக் கையில் வாங்கி, விரலால் தேய்த்துப் பார்த்தார். "யாருக்கு?" என்றார். பேத்திக்கு, தொட்டிலுக்கு என்றேன். உடனே ஒரு முழம் நூலை அறுத்தார், மைலோ டின் மூடி ஒன்றை எடுத்து வைத்தார், லைட்டரைப் பற்ற வைத்தார். நூல் தீயைத் தொடுவதற்கு முன்னாலேயே சுருண்டு உருகியது. ஆறியதும் மூடியில் கறுப்பாக ஒரு மணி. நகத்தால் நசுக்கினேன், கல்லுபோல் இருந்தது. பிறகு அவர் கடைப் பருத்தி நூலை அறுத்துக் கொளுத்தினார். காகிதம் எரிகிற வாசனை, சாம்பல் ஊதினால் பறந்தது. உல்லன் நூல் என்றால் முடி கருகுகிற நாற்றம் வரும்.

"தொட்டில் போடுற வீட்டுல விளக்கு இருக்கும், சூடம் இருக்கும். இது வேணாம் தங்கச்சி," என்றார்.

சிட்டையில் பருத்தி என்று போட்டு வந்தது அக்ரிலிக், அதாவது செயற்கை இழை நூல். அக்ரிலிக் நூல் கெட்ட நூல் என்று நான் சொல்லவரவில்லை. நிறம் மங்காது, சுருங்காது, விலை குறைவு. பொம்மைக்கும் பைக்கும் வாசல் தோரணத்துக்கும் அதைத்தான் வாங்குகிறேன். ஆனால் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். வியர்வையையும் உறிஞ்சாது. ஒரு மாதக் குழந்தையின் முதுகுக்குக் கீழே அதை விரிக்க எனக்கு மனம் வரவில்லை. பாதி முடித்த போர்வையை அன்றிரவே பிரித்துவிட்டேன்.

ஆன்ட்டி கொடுத்தது இங்கே எல்லாரும் மில்க் காட்டன் என்று சொல்லும் நூல். 50 கிராம் உருண்டை 4 வெள்ளி (ரிங்கிட்) 50 காசு. பத்து உருண்டை எடுத்தேன், பத்திலும் ஒரே சாய எண். சிட்டையைக் காட்டி அவரே எண்ணி வைத்தார். வீட்டில் அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "பால்ல நூலா? நாங்க வெட்டுன பாலா?" என்று கேட்டார். தோட்டத்தில் பால் என்றால் ரப்பர் பால்தானே. மாட்டுப்பாலின் புரதத்திலிருந்து இழை எடுக்கும் வேலையை 1930களில் இத்தாலியில் அந்தோனியோ ஃபெரெட்டி என்பவர் செய்து, அதற்கு லானிதால் என்று பெயர் வைத்து விற்றார்கள் என்று சொன்னேன். அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. இப்போது கடையில் கிடைக்கும் மில்க் காட்டன் எல்லாவற்றிலும் பால் இழை இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். சிலவற்றில் பருத்தியோடு பால் இழை, சிலவற்றில் பருத்தியோடு அக்ரிலிக். பெயரைப் பார்க்காமல் சிட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

இந்த நூலின் நல்ல குணம் மென்மை. கன்னத்தில் வைத்தால் துணிபோல் இருக்கும். கெட்ட குணம், இழை பிரிந்து கொக்கி நடுவில் குத்திவிடும். முனை கூர்மையான கொக்கியை மாற்றி முனை மழுங்கிய 3.5 மில்லிமீட்டர் கொக்கியை எடுத்த பிறகுதான் வேலை ஓடியது. இரண்டு மாதம் புழங்கியதும் மேலே சின்னச் சின்ன உருண்டையாகப் பொங்கத் தொடங்கும். அதுவும் உண்மை, மறைக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தப் பத்து உருண்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து பையைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை அடித்தது. அடுக்கில் பூச்சி வரக்கூடாது என்று கடையில் போட்டு வைத்திருக்கிறார்கள். பேத்திக்கு ஜி6பிடி குறைபாடு, அதாவது ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி குறைவாக, இருப்பது பிறந்தவுடன் எடுத்த ரத்தச் சோதனையிலேயே தெரிந்துவிட்டது. நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தச் சோதனையைச் செய்கிறார்கள். இந்தக் குறைபாடு உள்ள குழந்தைக்குப் பாச்சை உருண்டையில் உள்ள நாப்தலின் பட்டால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும், மஞ்சள் காமாலை கூடும். வீட்டுக்கு வந்து பார்த்த கிளினிக் மிஸ்ஸி (நர்ஸ்), குழந்தைத் துணி இருக்கும் அலமாரியில் அது ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று மகளிடம் இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார். துவைத்தால் போய்விடும் என்று நம்பிச் சும்மா இருக்கவும் கூடாது.

மறுநாள் காலையிலேயே பத்து உருண்டையையும் திருப்பிக் கொண்டுபோனேன். எனக்கு உள்ளுக்குள் கோபம்தான். ஆன்ட்டி மறுத்துப் பேசவில்லை. பின்கட்டிலிருந்து பிரிக்காத அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் கண் முன்னாலேயே பிரித்து, பத்து உருண்டை எடுத்துக் கொடுத்தார். அடுத்த வாரம் போனபோது பிள்ளை நூல் எல்லாம் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் தனியாக இருந்தது, பெட்டியில் பாச்சை உருண்டை இல்லை. மற்ற அடுக்கில் இன்னும் இருக்கிறது. பிள்ளைக்கு என்று வாங்குகிறவர்கள் அந்தப் பெட்டியிலிருந்துதான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். வெளியே இருப்பதை எடுக்காதீர்கள்.

போர்வைக்கு முன்னால் 10 செண்டிமீட்டர் சதுரத்தில் ஒரு துண்டு பின்னித் துவைத்துக் காயவைத்தேன். அரை செண்டிமீட்டர் சுருங்கியது. அந்தக் கணக்கில் 90 செண்டிமீட்டர் நீளம் வேண்டிய இடத்தில் 95 பின்னினேன். கண்ணிகளை நெருக்கமாகப் போட்டேன். ஓட்டை ஓட்டையாக வரும் பின்னல் படத்தில் அழகாக இருக்கும், குழந்தையின் விரல் அதில் மாட்டிக்கொள்ளும். குஞ்சம், பொத்தான், தொங்கும் நூல் எதுவும் வைக்கவில்லை. ஸ்பிரிங் தொட்டிலில் கைலியைக் கட்டி, விசேஷத்தன்று எல்லாரும் பார்த்திருக்க அதில் விரித்துப் பிள்ளையைக் கிடத்தினோம். தூங்கும்போது மேலே போர்த்தக்கூடாது, முகத்தில் ஏறிவிடும் என்பதால் போர்வை இப்போது பாயில் விரித்துப் படுக்க வைக்கவும் மடியில் ஏந்தவும் பயன்படுகிறது. அன்று தெறித்த மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் சிவந்து என்னைப் பயமுறுத்தியது, வெயிலில் இரண்டு நாள் போட்டதும் வெளுத்துவிட்டது. குங்குமக் கறை இன்னும் ஓரத்தில் இருக்கிறது.

இனி ஒட்டுப்போர்வை. இந்தக் கடையைப் பற்றி எழுதவேண்டும் என்று தோன்றியதே அதனால்தான்.

தம்பி மகளுக்குப் போன ஆவணியில் கல்யாணம். அவளுக்கு என்ன தருவது என்று யோசித்தபோது அம்மாவின் தகரப் பெட்டி ஞாபகம் வந்தது. அம்மாவுக்கு 83 வயது. பட்டணத்துத் தாமான் (குடியிருப்பு) வீட்டுக்கு வருவதற்கு முன் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். இருட்டோடு எழுந்து, வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போவார். நீளக் கைச் சட்டை, இடுப்பில் பத்தே (பாத்திக்) கைலி. மரங்களை அழித்துச் செம்பனை நட்ட பிறகு அந்த வேலை போனது, கைலிகள் மட்டும் பெட்டியில் தங்கின. பதினொன்று இருந்தன. ஆறு தேறின.

பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக விரித்தபோது அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எதை எப்போது எடுத்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார். இது தீபாவளி போனஸில் எடுத்தது, இது உன் அத்தை கொடுத்தது, இது நீ பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம். பழுப்பில் நீலப் பூப் போட்ட ஒன்றில் முழங்கால் பக்கம் கறுத்துத் திட்டாக ரப்பர் பால் கறை. பால் காய்ந்துவிட்டால் துணியை விட்டுப் போகாது. அந்தச் சதுரத்தைப் போர்வையின் நடுவில் வைக்கவேண்டும் என்பது என் ஆசை. அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. "கல்யாணப் பொண்ணுக்குக் கறைத் துணியையா வப்ப? வெட்டிப் போடு," என்றார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

ஆறு கைலியையும் தூக்கிக்கொண்டு நூல் கடைக்குப் போனேன். பழைய துணி நைந்து போயிருந்ததால், இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய உள்துணி ஐந்து மீட்டர் கேட்டேன். கைலிகளைத் தடவிப் பார்த்துவிட்டு ஆன்ட்டி அதைத் தரவில்லை. அதை ஒட்டினால் துணி அட்டைபோல் விறைத்துவிடும், அம்மா கட்டிக் கட்டி மெத்தென்று ஆன துணியில் அந்த மெத்தென்ற தன்மைதான் முக்கியம், வீட்டில் சோறு வடித்த கஞ்சி இல்லையா என்று கேட்டார். விற்றிருந்தால் அவருக்கு ஐம்பது வெள்ளிக்கு மேல் வந்திருக்கும். தண்ணீர் கலந்த கஞ்சியில் கைலிகளை முக்கி, காயவைத்து, இஸ்திரி போட்டு வெட்டச் சொன்னார். அப்படியே செய்தேன். வெட்டும்போது துணி இழுபடவில்லை, தைக்கும்போது நெளியவில்லை. முடிந்ததும் ஒரு அலசு, கஞ்சி போய்விட்டது, துணி பழையபடி ஆகிவிட்டது. கஞ்சியைத் துணியிலேயே விட்டுவைத்தால் பூச்சி வரும் என்பதால் இந்த அலசை விட்டுவிடக்கூடாது.

இன்னொன்றும் அவர் காட்டியதுதான். கைலியை வாசல் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடிக்க வேண்டும். துணிக்குப் பின்னால் கிரில் கம்பி தெரிந்தால் அந்த இடத்தை வெட்டக்கூடாது. இப்படிப் பார்த்துப் பார்த்து ஒரு கைலிக்கு 20 சதுரம், மொத்தம் 120. தைத்த பிறகு ஆறு அங்குலம் நிற்க வேண்டும் என்பதால் ஆறரை அங்குலமாக வெட்டினேன், சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குள் போகும். குறுக்கே பத்து, நெடுக்கே பன்னிரண்டு. 60 அங்குலத்துக்கு 72. பத்தேக் கைலியில் உடல் முழுவதும் ஒரு வேலைப்பாடும், ஒரு பட்டையில் மட்டும் அடர்த்தியான வேறு வேலைப்பாடும் இருக்கும். அந்தப் பட்டையை மலாயில் கப்பாலா, அதாவது தலை என்பார்கள். ஆறு கைலியின் தலைகளையும் நடுவில் சேர்த்து வைத்தேன். பார்க்கிறவர் கண் முதலில் அங்கேதான் போகிறது.

அடித்துணிக்கு மெரூன் நிறம் ஒன்று கண்ணில் பட்டது, அதுதான் வேண்டும் என்று நின்றேன். ஆன்ட்டி வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் துணியில் அழுத்தித் தேய்த்தார். கைக்குட்டை இளஞ்சிவப்பானது. கைலிகள் எத்தனையோ தண்ணீர் பார்த்தவை, சாயம் விடாது. புதுத் துணி முதல் துவையலில் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நின்றுவிடாதா என்றேன். கடைத்துணிச் சாயத்துக்கு அதை நம்பமுடியாது என்றார். கடைசியில் வெளிர் பழுப்பில் ஒரு பருத்தித் துணி, 45 அங்குல அகலம், மீட்டர் 11 வெள்ளி. இரண்டு நீளத்தை இணைக்க வேண்டியிருந்ததால் நாலேகால் மீட்டர்.

நடுவில் வைக்கும் பஞ்சில்தான் கடை என்னை ஏமாற்றியது. பாலியெஸ்டர் பஞ்சு மட்டும்தான் இருக்கிறது. குளிர்நாட்டுப் போர்வைக்கு உப்பலாக நன்றாக இருக்கும், இங்கே காற்றாடிக்குக் கீழே யாரால் போர்த்த முடியும்? பருத்திப் பஞ்சு கேட்டால் ஈப்போவில் பார் என்றார். பிறகு அவரே யோசித்து, பிள்ளைகளுக்குத் துண்டு தைக்கும் ஃப்ளானல் துணியை நடுவில் வைக்கச் சொன்னார். வங்காளத்தில் காந்தா தைக்கிறவர்களும் கர்நாடகத்தில் கவுதி தைக்கிறவர்களும் பஞ்சே வைக்காமல் பழைய சேலைகளை அடுக்கித்தான் தைக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெயில் நாட்டுக்கு அதுதான் சரி. ஃப்ளானலைச் சுடுதண்ணீரில் நனைத்துச் சுருங்க வைத்த பிறகு உபயோகித்தேன். போர்வை கனம் இல்லாமல், மடித்தால் ஒரு தலையணை உறைக்குள் அடங்குகிற அளவு வந்தது.

தைக்கப் பருத்தி நூலே போதும் என்று கொடுத்தார். துணியைவிட நூல் வலுவாக இருந்தால் நாளாக ஆகத் துணிதான் கிழியும் என்பது அவர் கணக்கு. சதுரங்களை மெஷினில் இணைத்தேன். மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பதைக் கையாலேயே, ஓட்டுத் தையலாக, சாயங்காலங்களில் நாலு மாதம் செய்தேன்.

கறைச் சதுரத்தை நான் வெட்டிப் போடவில்லை. அம்மாவின் பேச்சை மீறி முகப்பிலும் வைக்கவில்லை. போர்வையின் பின்பக்கம் கீழ் மூலையில் அதைத் தைத்து, அதன் மேல் சின்னதாக அம்மா பெயரையும் தோட்டத்துப் பெயரையும் கல்யாணத் தேதியையும் நூலால் எழுதினேன். கல்யாணம் முடிந்து மறுவீடு வந்த அன்று தம்பி மகள் போர்வையைப் புரட்டிப் பார்த்தாள். "இது என்ன அத்தை, கறையா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, எந்த மரத்தடியில் வாளி சரிந்தது, யார் ஓடிவந்து தூக்கினார்கள், அன்று தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி எவ்வளவு பால் குறைத்து எழுதினார் என்று ஆரம்பித்துவிட்டார். இந்தக் கதையை நானே அதுவரை கேட்டதில்லை.

மற்றச் சாமான்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அண்ணி மகளுக்கு வளைகாப்பு சால்வைக்குப் பச்சையில் மெல்லிய பருத்தி நூல் வாங்கினேன். நல்ல நூல், குறை சொல்ல ஒன்றும் இல்லை. கேமரன் மலையில் இருக்கும் அண்ணன் மகன் பிள்ளைகளுக்குக் குல்லா பின்ன உண்மையான உல்லன் நூல் தேடினேன். தானா ராத்தா குளிருக்கு அதுதான் சரி. கடையில் சாம்பலும் கறுப்பும் மட்டும் இருந்தன, பிள்ளைகளுக்கு ஆகும் நிறம் எதுவும் இல்லை. சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருகிறார், இரண்டு வாரம் ஆனது. வந்த உருண்டைகள் நல்ல தரம். உல்லன் குல்லாவைச் சுடுதண்ணீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கிப் பொம்மைத் தொப்பி ஆகிவிடும் என்று பையில் ஒரு தாள் எழுதி வைத்தே அனுப்பினேன்.

குறைகள் இருக்கின்றன. ஒட்டுப்போர்வை தைப்பவர்களுக்கு வேண்டிய சுழல் கத்தி, வெட்டும் பலகை, கோடு போட்ட பிளாஸ்டிக் அளவுகோல் மூன்றும் கிடையாது. கத்தரிக்கோலில் 120 சதுரம் வெட்டி என் கட்டைவிரல் ஒரு வாரம் வீங்கியது. பின்னல் ஊசி உலோகத்தில் மட்டும். மூட்டு வலி உள்ளவர்களுக்கு மூங்கில் ஊசி எளிது, அது இல்லை. கார்டு வாங்கமாட்டார்கள், ரொக்கம்தான், அல்லது மகன் ஒட்டி வைத்திருக்கும் கியூஆர். புதன்கிழமை மதியத்தோடு மூடிவிடுவார்கள்.

கண்ணாடிக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கும் உருண்டைகளை எடுக்கும்போது கவனம். பல மாதம் வெயில் பட்டு ஒரு பக்கம் வெளுத்திருக்கும். மேலே இரண்டு சுற்று பிரித்து உள்நிறத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிவப்பும் ஊதாவும் அதிகம் வெளுக்கின்றன. பின் அடுக்கில் இருந்து கேட்டால் முகம் சுளிக்காமல் எடுத்துத் தருவார், ஏணி போட்டு ஏறுவது மட்டும் மகன் இருக்கும்போதுதான். அதனால் காலை பத்து மணிக்கு மேல் பதினொன்றுக்குள் போவது நல்லது. அந்த நேரத்தில் மகன் இருப்பார், கூட்டமும் இருக்காது. தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம் தையற்காரர்கள் பொத்தானுக்கும் ஜிப்புக்கும் வரிசை கட்டி நிற்பார்கள், நின்று பேச முடியாது.

போகும்போது உங்கள் பழைய சிட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள், ஃபோனில் படம் மட்டும் போதாது. விளக்கு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் சந்தனம் வெள்ளையாகத் தெரியும். மிச்ச நூல் ஒரு முழம் இருந்தால் இன்னும் நல்லது, ஆன்ட்டி அதை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்ப்பார்.

கல்யாணப் போர்வையின் படத்தை அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். கப்பாலாவை நடுவில் வைத்தது நல்லாயிருக்கு என்றார். பிறகு விரல்விட்டு எண்ணி, "தங்கச்சி, நாலேகால் மீட்டர் வாங்கினே. ஓரத்துல வெட்டினது நீள நீளமா மிச்சம் இருக்கணுமே, அதை என்ன பண்ணே?" என்று கேட்டார். பையில் வைத்திருந்தேன். பேத்திக்குக் கழுத்துத் துண்டு தைக்க நாலு பொத்தான் எடுக்கத்தான் அன்று போனதே. பொத்தான் பிள்ளை வாயில் போய்விடும் என்று அதையும் தரவில்லை. இரண்டு வெள்ளிக்கு நாடா கொடுத்து அனுப்பினார்.